டபுள் கெப்பில் டிரெயிலர் கட்டும்போது பாரக் கணக்கில் விடும் பிழைகள்

கொழும்பில் டபுள் கெப் (நாலு கதவும் திறந்த பின்தட்டும் உள்ள பிக்அப்) வைத்திருப்பவரிடம் "வண்டி எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்டால் பதில் உடனே வரும்: மூன்றரைத் தொன். "அப்படி இழுக்கும்போது பின்தட்டில் எவ்வளவு ஏற்றலாம்?" என்று கேட்டால் பதில் இழுபடும். இழுக்கும் பாரம் தன் சில்லில் உருண்டு வருகிறது, ஏற்றும் பாரம் வண்டியின் முதுகில் இருக்கிறது, இரண்டும் வேறு கணக்கு என்ற நினைப்புத்தான் காரணம். ஆனால் டிரெயிலரும் மூக்கை மட்டும் நீட்டி வண்டியின் முதுகில்தான் சாய்கிறது. அந்த மூக்குப் பாரம் பின்தட்டில் இடம் பிடிக்காது, நிறையில் பிடிக்கும்.

கணக்கின் வேர் ஜி.வி.எம். எனப்படும் மொத்த நிறை. வண்டி, எரிபொருள், ஆட்கள், சாமான், மூக்குப் பாரம் எல்லாம் சேர்ந்து நாலு சில்லிலும் இறங்கக்கூடிய உச்ச அளவு அது. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரிலோ கைநூலிலோ இருக்கும். பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த நிறையையும் ஒத்துப் பாருங்கள், இரண்டில் குறைந்ததையே எடுங்கள். மொத்த நிறையிலிருந்து வெறும் வண்டியின் நிறையைக் கழித்தால் ஏற்றக்கூடிய பாரம் வரும்.

முதல் சறுக்கல் இந்தக் கழித்தலிலேயே நடக்கிறது. "வெறும் வண்டி" என்றால் எல்லாத் தயாரிப்பாளருக்கும் ஒன்றல்ல. சிலர் டேங்க் நிறைய எரிபொருளோடு சொல்வார்கள், சிலர் 10 லீட்டரோடு சொல்வார்கள், ஐரோப்பிய முறையில் 75 கிலோ ஓட்டுநரும் உள்ளே இருப்பார். 80 லீட்டர் டீசல் ஏறத்தாழ 67 கிலோ. கூடவே, கப்பலில் இருந்து இறங்கிய நாளில் இருந்த வண்டி இன்று இல்லை. பின்தட்டை மூடும் பைபர் கனொபி, முன்பக்க இரும்பு புல் பார், பின்தட்டின் உள்ளே விரிக்கும் லைனர், ஏன், டிரெயிலர் பூட்டும் டோ பாரே 30 கிலோவுக்குக் குறையாது.

ஒரு வேலை நாளை எடுத்துப் பார்ப்போம். கல்யாண மண்டபத்துக்கு ஜெனரேட்டர் டிரெயிலர் போகிறது. கெப்பின் மொத்த நிறை 3,050 கிலோ, வெறும் நிறை 2,100 என்று வையுங்கள். மிச்சம் 950. தாராளமாகத் தெரிகிறது, இல்லையா? கனொபி, புல் பார், டோ பார், லைனர் சேர்ந்து 155. ஓட்டுநரோடு ஐந்து பேர், ஆளுக்கு 75 கிலோ, 375. ஜெனரேட்டரும் டிரெயிலரும் 1,800 கிலோ என்றால் அதில் பத்திலொன்று, 180 கிலோ, மூக்கில் இறங்கும். 20 லீட்டர் கேனில் நாலு கேன் டீசல், 67. கேபிளும் வேலைக் கருவிகளும் 60. கூட்டினால் 837. மிஞ்சுவது 113 கிலோ, அதாவது இரண்டு சீமெந்து மூட்டை. பின்தட்டோ பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும். "இடம் இருக்கிறதே, இன்னும் நாலு மூட்டை போடு" என்று யாராவது சொல்லும் இடம் இதுதான்.

இடத்தைப் பார்த்து நிறையை மதிப்பிடுவது எப்போதும் ஏமாற்றும். மணலை எடுங்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி. கால் கியூப் மணல் தட்டில் குவித்தால் விளிம்பைத் தொடாது, ஆனால் அது 1,100 கிலோவைத் தாண்டும், மழையில் நனைந்தால் இன்னும் கூடும். டிரெயிலர் கட்டாமலே எல்லை மீறியாயிற்று.

இனி பலர் கவனிக்காத இடத்துக்கு வருவோம். 180 கிலோ மூக்குப் பாரம் வண்டிக்கு 180 கிலோ மட்டும்தானே? மொத்த நிறைக்கு ஆம், பின் அச்சுக்கு இல்லை. டிரெயிலர் மூக்கு உட்காரும் டோ பார் உருண்டை பின் அச்சுக்கு மேலே இல்லை, அதற்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. சீசோ பலகையின் தொங்கலில் உட்கார்ந்த பிள்ளையைப் போல அது பின்னை அமுக்கி முன்னைத் தூக்குகிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 3,085 மில்லிமீற்றர், உருண்டை பின் அச்சிலிருந்து 1,250 பின்னால் என்றால், 180 கிலோ பின் அச்சில் ஏறத்தாழ 253 கிலோவாக இறங்கும். முன் அச்சிலிருந்து 73 கிலோ கழன்றுவிடும். பின்தட்டுக் கதவோரம் வைக்கும் சாமானும் இதே வேலையைத்தான் செய்யும். மொத்த நிறை எல்லைக்குள் இருந்தும் பின் அச்சின் தனி எல்லை மீறப்படுவது இப்படித்தான். ஸ்டிக்கரில் அச்சுவாரியாக உள்ள எண்களையும் பாருங்கள். கனமானதைக் கெபினை ஒட்டி வையுங்கள்.

முன் சில்லில் பாரம் குறைந்தால் ஸ்டியரிங் பஞ்சு மாதிரி இலேசாகும். சுகமாக இருக்கும், நம்ப வேண்டாம். பிரேக்கின் பெரும் பங்கு முன் சில்லுக்குரியது, அந்தச் சில்லு தரையை அழுத்தாவிட்டால் ஈரத் தார் வீதியில் வழுக்கும். இரவில் உங்கள் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணுக்குள் அடிக்கும், அவர் திட்டுவதும் நியாயம்தான்.

வண்டியின் பின்பக்கம் இப்படித் தாழ்வதைப் பார்த்தவுடன் இரண்டு குறுக்கு வழிகள் தோன்றும். இரண்டும் பிழை.

ஒன்று, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போய் இரண்டு ஸ்பிரிங் தட்டு வாங்கி அடுக்குவது, அல்லது காற்றுப் பை போடுவது. வண்டி நிமிரும். ஆனால் அச்சு, பெயாரிங், சேசி, பிரேக், டயர் எல்லாம் பழையவைதான். ஸ்டிக்கரில் உள்ள எண் ஒரு கிலோகூட உயராது. கெபினுக்கும் பின்தட்டுக்கும் இடைப்பட்ட சேசிதான் வளையும் இடம். காற்றுப் பை பாரத்தைச் சேசியின் ஒரே புள்ளியில் குவிப்பதால் குழியில் விழுந்து எழும்போது அங்கேதான் அடி. இன்னொன்றும் உண்டு. பல கெப்களில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைந்த பார உணர் வால்வ் இருக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் "பாரம் இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். ஸ்பிரிங்கைக் கூட்டி உயர்த்தினால், பாரத்தோடு இருக்கும் வண்டியையும் வெறும் வண்டி என்றே அது நினைக்கும். ஸ்பிரிங் தட்டு அடுக்கிய கராஜில் இந்தக் கம்பியைச் சரிசெய்தார்களா என்று கேளுங்கள்.

மற்றது, டிரெயிலரில் சாமானைப் பின்னுக்குத் தள்ளி மூக்கை இலேசாக்குவது. இது முதலாவதைவிட மோசம். மூக்குப் பாரம் டிரெயிலர் மொத்த நிறையின் பத்து வீதத்துக்குக் கீழே நன்றாக இறங்கிவிட்டால் வேகத்தில் டிரெயிலர் வாலாட்டத் தொடங்கும். பொல்கொட ஏரிக்குப் படகு கொண்டுபோகிறவர்களுக்கு இது கேட்காமலே நடக்கிறது. 40 குதிரைவலு எஞ்சின் 70 கிலோவுக்கு மேல், அது படகின் கடைக்கோடியில் தொங்குகிறது, பெற்றோல் டேங்கும் பக்கத்திலேயே. டேங்கையும் நங்கூரத்தையும் அணியத்துக்கு, அதாவது படகின் முன்பக்கத்துக்கு, மாற்றுங்கள். போதாவிட்டால் படகின் முன்முனையை இழுத்துப் பிடிக்கும் வின்ச் தூணை முன்னே நகர்த்திப் படகையே முன்னுக்கு இழுத்து வையுங்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால் பிரேக்கை மிதிக்கவும் வேண்டாம், ஸ்டியரிங்கால் துரத்தவும் வேண்டாம். நேரே பிடித்துக்கொண்டு அக்சிலேட்டரை மெல்ல விடுங்கள்.

மூன்றரைத் தொன் கதைக்கும் ஒரு கணக்குப் பாக்கி. வண்டியும் டிரெயிலரும் சேர்ந்த உச்ச நிறைக்கு ஜி.சி.எம். என்று பெயர், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வராதது. மேலே சொன்ன கெப்புக்கு அது 5,850 என்று வையுங்கள். 3,500 கிலோ டிரெயிலர் கட்டினால் வண்டிக்கு மிஞ்சுவது 2,350. மூக்குப் பாரம் டிரெயிலர் கணக்கில் ஏற்கெனவே இருப்பதால் இதில் மறுபடி கூட்ட வேண்டாம். வெறும் வண்டி 2,100, பூட்டிய சாமான் 155. ஆக ஆட்களுக்கும் சாமானுக்கும் மிச்சம் 95 கிலோ. ஓட்டுநர் தனியாகப் போகலாம், உதவியாள் பஸ்ஸில் வரட்டும்!

பிரேக் இல்லாத டிரெயிலருக்கு எல்லை வேறு. பெரும்பாலான கெப் கைநூல்களில் அது 750 கிலோ. பட்டறையில் அடித்த டிரெயிலர் இரும்புக்கே அதில் கணிசமான பங்கு போய்விடும். கடுகண்ணாவை இறக்கம் போன்ற இடங்களில் கியரை இறக்கம் தொடங்குமுன் குறையுங்கள், பாதியில் அல்ல.

டயரைச் சுருக்கமாகச் சொல்லலாம். பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் வரும் எண் பாரக் குறியீடு. 112 என்றால் ஒரு டயருக்கு 1,120 கிலோ, 104 என்றால் 900. பார்வைக்கு ஒரே டயர், ஆனால் பின் சோடியில் 440 கிலோ வித்தியாசம். மாற்றும்போது விலையோடு இந்த எண்ணையும் கேளுங்கள். அந்தப் பாரம் உரிய காற்றழுத்தத்தில் மட்டுமே செல்லும். காற்றை ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடிக் காட்டும், அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக்கூடாது.

கடைசியில், தராசில் ஏற்றாத கணக்கு ஊகம்தான். ஒருகொடவத்தை, பேலியகொடப் பக்கம் லொறிகள் நிறுக்கும் தராசில் டிரெயிலரைக் கட்டியபடி, ஆட்கள் உள்ளே இருக்க, மூன்று தடவை நிறுங்கள். முதலில் கெப்பின் நாலு சில்லு மட்டும் மேடையில், இது மொத்த நிறையோடு ஒப்பிட. அடுத்து பின் அச்சு மட்டும். பிறகு எல்லாமே. பின் அச்சை நிறுக்கும்போது மேடை வீதியோடு சமமாக இருக்க வேண்டும், சரிவில் நின்றால் எண் பிசகும்.

மூக்குப் பாரத்தை மட்டும் அந்தத் தராசில் தேட வேண்டாம். 20 கிலோ படியாக எண் காட்டும் தராசில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சிறிய பாரத்தைக் கண்டுபிடிப்பது சரிவராது. வீட்டில் ஆள் நிறுக்கும் தராசு போதும். ஒரு தடித்த பலகையின் ஒரு முனையைச் செங்கல்லின் மேல் வைத்த குழாய்த் துண்டிலும், அங்கிருந்து 120 சென்ரிமீற்றரில் மறு குழாய்த் துண்டைத் தராசின் மேலும் வையுங்கள். செங்கல் பக்கத்திலிருந்து 40 சென்ரிமீற்றரில் டிரெயிலர் மூக்கை, வண்டியில் பூட்டும் அதே உயரத்தில், ஒரு கட்டை கொடுத்து மெதுவாக இறக்குங்கள். டிரெயிலர் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்திருக்க வேண்டும். தராசு காட்டுவதில் பலகையின் பங்கை, அதாவது மூக்கை இறக்குமுன் காட்டிய எண்ணை, கழித்து மூன்றால் பெருக்குங்கள். 60 என்று வந்தால் மூக்கில் 180.