சோரியாசிஸ் மருந்துக்கு முன்னால் கல்லீரலில் நாம் கோட்டைவிடுவது

புதிதாக வந்த பி.ஜி. (மருத்துவ மேற்படிப்பு) மாணவர்களின் கேஸ் ஷீட்டைப் புரட்டினால், நான் அந்த வயதில் செய்த தவறுகள் அப்படியே இருக்கின்றன. மெத்தோட்ரெக்ஸேட் என்ற சோரியாசிஸ் மருந்து வாரம் ஒரு நாள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விடுகிறேன்.

"ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், ஊசி போடலாம்"

சோரியாசிஸ் ஊசிக்கு முன் இப்படி எழுதியிருப்பதைப் படித்தால் இன்றும் கோபம் வருகிறது. ஹெச்பிஎஸ்ஏஜி என்பது ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தைத் தேடும் பரிசோதனை. எப்போதோ வந்து ஆறிய ஹெபடைடிஸ் பி வைரஸ், கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். கல்லீரல் என்சைம் அளவு நார்மல், ஹெச்பிஎஸ்ஏஜியும் நெகட்டிவ். பழைய தொற்றைக் காட்டிக்கொடுப்பது ஆன்டி-ஹெச்பிசி டோட்டல் பரிசோதனை. "காமாலை வந்ததா?" என்று கேட்டுப் பயனில்லை, பலருக்குக் காமாலை இல்லாமலேயே தொற்று வந்து போயிருக்கும்.

என் நோயாளி ஒருவர், லாரி ஓட்டுநர். முதுகு முழுக்கப் படை. அந்த ஒரு டெஸ்டை நான் எழுதவில்லை. இன்ஃப்ளிக்ஸிமாப் (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பயாலஜிக் ஊசி) மூன்று முறை ஏறியதும் தோல் பளிச்சென்று ஆனது. நான்காவது டோஸுக்கு வந்தவரை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி இமையைத் தூக்கினேன், கண் மஞ்சள். "பத்து நாளா மோர்ல கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கிறேன் சார்" என்றார் மனைவி. இப்போது ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ், தங்கியிருந்த வைரஸ் விழித்துவிட்டது. என்டகாவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுத்து, ஆறு வாரம் வார்டில் இருந்து பிழைத்தார். முன்பே தெரிந்திருந்தால் ரத்தத்தில் வைரஸின் டிஎன்ஏ அளவு பார்த்திருப்பேன், கல்லீரல் மருத்துவரைக் கேட்டிருப்பேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்திருப்பேன்.

ஹெச்பிஎஸ்ஏஜியே பாசிட்டிவ் என்றால் பயாலஜிக் ஊசிக்கு முன்பே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்க வேண்டும். ஊசியை நிறுத்திய கையோடு அதையும் நிறுத்திவிடாதீர்கள். பல மாதங்கள் தொடர வேண்டும்.

ஹெபடைடிஸ் சி என்றதும் கைவிரிப்பது

இதற்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில் பயந்ததில் நியாயம் இருந்தது. அது சோரியாசிஸைக் கிளப்பிவிடும். இன்று பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிவிடுகிறது. பணமில்லை என்பவரை அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

நாட்டு மருந்தை விசாரிக்காதது

கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு வந்ததே 2011-ல்தான். அதனால் நம் ஓ.பி.யில் உட்காரும் பெரியவர்களில் பலர் போட்டிருக்க மாட்டார்கள். 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று டோஸ். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து ஏறிய பிறகு போட்டால் சரியாகப் பிடிக்காது. முதல் டோஸையாவது முன்னாலேயே போட்டுவிடுங்கள்.