சிக்கல் உள்ள கண்ணில் புரை ஆபரேஷனா? தேதி வாங்குமுன் இதைப் பாருங்கள்

"பத்து நிமிஷ வேலை, காலையில போனா மத்தியானம் வீட்டுக்கு வந்திரலாம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது அவர் கண்ணுக்குச் சரி. சர்க்கரை, கண் அழுத்தம், பழைய அடி, சதை வளர்ச்சி என்று ஏதாவது இருந்தால் உங்கள் கணக்கு வேறு. இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் அதற்கேற்பத் தயாராக வருவார், ஆபரேஷன் பாதியில் தெரிந்தால்தான் வம்பு.

முதலில் மாத்திரை. வீட்டில் சாப்பிடுகிற அத்தனையையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். மெடிக்கலில் நாலு மாத்திரை வெட்டித் தருவார்கள், பெயர் இருக்கிற துண்டு கடையிலேயே தங்கிவிடும், அதனால் பில்லோ சீட்டோ கூட இருக்கட்டும். ஆண்கள் முக்கியமாக, சிறுநீர் சரியாகப் போகாததற்குச் சாப்பிடும் டாம்சுலோசினைச் சொல்லாமல் விடக் கூடாது. கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். கண் நடுவில் இருக்கிற கறுப்புத் துளையான பாவையைச் சுருக்கி விரிக்கிற திரையை அது தளர்த்திவிடும், ஆபரேஷன் நடுவில் திரை அலையும், பாவை சுருங்கும். 2005-இல்தான் டாக்டர்களே இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சர்க்கரைக்காரர்கள், கண்ணின் பின்பக்கம் இருக்கிற விழித்திரையை டாக்டர் பார்த்த பிறகே தேதி வாங்குங்கள். அங்கே நீர் கோர்த்திருந்தால் பெரும்பாலும் முதலில் அதற்கு ஊசி, அப்புறம்தான் புரை. புரை முற்றி உள்ளே எதுவும் தெரியவில்லை என்றால் கண்ணுக்கு ஸ்கேன் எடுப்பார்கள்.

குளச்சல், முட்டம் பக்கம் காலமெல்லாம் வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்றவர்களுக்கு வெள்ளை விழியிலிருந்து சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறியிருப்பது சாதாரணம். அது கருவிழியின் வளைவை இழுப்பதால் உள்ளே வைக்கப் போகிற லென்ஸின் பவர் அளவே தப்பாக வரும். பெரிதாக இருந்தால் சதையை முதலில் எடுத்து, சில வாரமோ மாதமோ ஆறவிட்டு, அப்புறம் அளப்பார்கள். "ரெண்டையும் ஒண்ணா முடிங்க" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

தென்னை மடல் பட்டது, கல் தெறித்தது, இருபது வருஷம் ஆனாலும் சொல்லுங்கள். அடிபட்ட கண்ணில் லென்ஸைத் தாங்கும் நூல்கள் அறுந்திருக்கலாம். வயதானவர்களுக்கு லென்ஸ் மேல் பொடுகு மாதிரி வெள்ளைத் துகள் படிகிற ஒரு நோயிலும் அந்த நூல்கள் தளரும். நூல்கள் தளர்ந்தால் லென்ஸ் இருக்கிற மெல்லிய பையும் ஆடும், "பை தளர்ந்தா தாங்க வளையம் வைப்பீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். கண்ணுக்குள் அழற்சி வந்தவர்கள், அது அடங்கிக் குறைந்தது மூன்று மாதம் போக வேண்டும்.

லென்ஸ் விஷயத்தில் என் கருத்து: விழித்திரையோ கண் நரம்போ கெட்டிருந்தால், கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லி விற்கிற விலை கூடின மல்டிஃபோகல் (தூரம், கிட்ட இரண்டுக்குமான) லென்ஸ் பக்கம் போகாதீர்கள். சாதாரண ஒற்றைப் பவர் லென்ஸ் போதும், காசும் மிச்சம்.

நாகர்கோவில் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜோ தனியாரோ, "விழித்திரை டாக்டர் இங்கேயே இருக்காங்களா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ எழுதித் தந்தால் கோபப்பட வேண்டாம்.

கண் அழுத்தத்துக்கு விடும் பழைய சொட்டு மருந்தைத் தொடரணுமா என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்தபின் வலி கூடினாலோ, சிவந்து பார்வை மங்கினாலோ, மின்னல் மாதிரி வெட்டினாலோ, பார்வையின் ஓரத்தில் திரை விழுந்த மாதிரி மறைத்தாலோ, ஞாயிறானாலும் பெருநாளானாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.