உயர்தர வகுப்பின் நினைவு மலரைத் தயாரிக்கும் முறை

இலங்கைப் பாடசாலைகளில் உயர்தரத்தின் இறுதி ஆண்டான தரம் 13 மாணவர்கள் பரீட்சைக்கான விடுப்பில் வீட்டோடு தங்கிவிடும் முன்பே ஆக்கங்களைச் சேகரித்துவிட வேண்டும். அதன் பின்னர் எவரையும் பிடிக்க முடியாது.

மறக்க முடியாத நாள் எது என்று பொதுவாகக் கேட்டால், எல்லோரும் ஒரே பதிலையே எழுதித் தருவார்கள். மாறாக, 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது யாருடைய தொலைபேசியில், வீட்டின் எந்த மூலையிலிருந்து பாடம் கேட்டீர்கள், 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து பாடசாலைக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள், நவராத்திரி வாணி விழா முடிந்ததும் அவலும் கடலையும் முதலில் யார் கைக்குப் போயின என்று துருவிக் கேட்க வேண்டும். புலமைப்பரிசில் பெற்றுத் தரம் 6இல் இணைந்தவர்களையும், தரம் 11இல் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பின் வெளிநாடு சென்றவர்களையும் விட்டுவிடலாகாது. பழைய வகுப்புப் படத்தில் நிற்பவரின் பெயர் மலரில் இல்லாதிருப்பது, என் பார்வையில், அச்சுப் பிழையை விடப் பெரிய குறையாகும். பட்டப்பெயர்களை உரியவரின் சம்மதத்துடன் மட்டுமே அச்சிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையுமாதலால், புகைப்படங்களை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். செலவுக்குக் கொழும்பின் காலி வீதிக் கடைகளில் விளம்பரம் கேட்கலாம். அதற்கு அதிபரின் கடிதம் அவசியம்.

நடுவில் கம்பியடித்துத் தைக்கும் மலரின் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். அச்சகம் தரும் இறுதிப்படியில் பெயர்களையும் முதலெழுத்துகளையும் வகுப்புப் பதிவேட்டுடன் ஒப்பிட்ட பின்னரே கையொப்பமிடுங்கள்.