கதண்டுக்கும் தேனீக்கும் ஒரே தீப்பந்தமா?

ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடி, ஏர்வாடிப் பக்கம் பனங்காட்டை ஒட்டி வீடு கட்டியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கொட்டுகிற எதற்கும் ‘குளவி’ என்று ஒரே பெயர், எந்தக் கூட்டுக்கும் தீப்பந்தம் என்று ஒரே வைத்தியம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. கொல்லைப் பனையில் குடம் அளவுக்கு ஒரு கூடு தொங்க, சித்தப்பா நீளக் கம்பில் துணி சுற்றி மண்ணெண்ணெயில் முக்கிப் பற்றவைத்து நீட்டினார். முதலில் தீப்பிடித்தது காவோலை, அதாவது காய்ந்த பனையோலை. கூடு எரிவதற்குள் கதண்டு என்கிற பெரிய விஷக்குளவி மொத்தமும் வெளியே வந்துவிட்டது. கொட்டு வாங்கியவர் சித்தப்பா இல்லை, நாற்பது அடி தள்ளிக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெரியம்மா. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

தீ வைத்தது இரண்டாவது தவறுதான். என்ன கூடு என்று பார்க்காமல் போனதுதான் முதல் தவறு.

கதண்டின் கூடு மூடிய கூடு. மரத்தை மென்று குழைத்த காகிதம் போன்ற பொருளால் வரிவரியாகப் பூசியிருக்கும், உள்ளே போய்வர ஒரு வாசல்தான். பூச்சி பெரியது, கறுப்பு உடம்பு, வயிற்றில் அகலமான மஞ்சள் பட்டை. காவோலை மறைவில் இருந்தால் கீழிருந்து தெரியவே தெரியாது. அதனால்தான் ஓலை வெட்ட ஏறுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா நின்று, பெரிய பூச்சிகள் ஒரே இடத்துக்குப் போய்வருகின்றனவா என்று பார்த்தாலே பாதி ஆபத்து குறையும். கூடு இருப்பது உறுதியானால் நம் கையால் செய்ய ஒன்றும் இல்லை. பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் அந்தப் பக்கம் விடாமல், தீயணைப்பு நிலையத்துக்கு 101 அல்லது 112-இல் சொல்லிவிட வேண்டும். கல்லெறிவது, ராத்திரி டார்ச் அடித்துப் பார்ப்பது, இரண்டும் வேண்டாம். வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு அது நேராகக் கைக்கு வரும். சுவர்ப் பொந்தில் கூடு இருந்தால் சிமெண்ட் வைத்து அடைப்பதும் வேண்டாம். வெளியே வழி இல்லையென்றால் வீட்டுக்குள் வழி தேடும்.

சன்ஷேடு அடியில் கவிழ்த்த குடை மாதிரி, அறைகள் வெளியே தெரிய, சின்னதாகத் தொங்குவது காகிதக் குளவி. கூடு காசு அளவில் இருக்கும்போது பெரும்பாலும் ஒரே ஒரு பூச்சிதான் இருக்கும். அது இல்லாத நேரம் பார்த்து நீளக் கம்பால் தட்டிவிடலாம். கையகலத்துக்கு வளர்ந்த பிறகு அந்த வேலை வேண்டாம்.

பாவம், அநியாயமாக அடி வாங்குவது மண்குளவி. ஜன்னல் மூலையிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் மண் உருட்டி வந்து கட்டும். அது தனிக்கட்டை, காக்கக் கூட்டமும் இல்லை, சண்டைக்கும் வராது. ‘கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’ என்பார்கள். உள்ளே நடப்பது வேறு. சிலந்தியையோ பச்சைப் புழுவையோ கொட்டி மரத்துப்போகச் செய்து அடைத்து, கூடவே முட்டையிட்டு மூடிவிடும். பொரிக்கும் குஞ்சு அதைத் தின்று வளர்ந்து குளவியாகும். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று எங்கள் பக்கத்து ஆச்சிகள் அதைக் கலைக்க விடுவதில்லை. காரணம் எதுவானாலும் முடிவு சரிதான்.

தேனீயிலும் எல்லாம் ஒன்றல்ல. சீமைக்கருவேலங் கிளையில் உள்ளங்கையளவு ஒற்றை அடை வைப்பது கொம்புத்தேனீ. மேல்நிலைத் தொட்டியிலும் உயர்ந்த மரத்திலும் பெரிய ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. இதைச் சீண்டினால் கதண்டுக்குக் குறையாத ஆபத்து. அடையே இல்லாமல் ஒரு கொத்தாகத் தேனீக்கள் வந்து கிளையில் உட்கார்ந்தால் அது இடம் மாறும் கூட்டம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகப் போய்விடும். அதற்குள் மருந்து வாங்க ஓட வேண்டியதில்லை.

பதநீர் காலத்தில் இன்னொன்று. இனிப்புக்கு வந்து கலயத்தில் விழும் தேனீக்களில் சில உயிரோடு இருக்கும். வடிகட்டாமல் ஓலைப்பட்டையில் ஊற்றி மடக்கென்று குடித்துத் தொண்டையில் கொட்டு வாங்கினால், வீக்கம் மூச்சையே அடைத்துவிடும். பன்னாடை என்று ஆளைத் திட்டுகிறோமே, மட்டையடியில் வலைபோல் இருக்கும் அந்தப் பன்னாடைக்கு, வடிகட்டியாக இங்கே நல்ல வேலை இருக்கிறது.

சரி, துரத்த ஆரம்பித்துவிட்டால்? அசையாமல் நிற்பது தவறு, கையை வீசி அடிப்பது அதைவிடத் தவறு. கொட்டிய தேனீயிடமிருந்து வரும் வாசனை மற்ற தேனீக்களையும் அதே இடத்துக்கு இழுக்கும். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கதவு உள்ள வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ ஓட வேண்டும். ஊருணிக்குள் குதித்தால் தலை தூக்கும்போது மேலேயே காத்திருக்கும்.

தேனீ கொடுக்கை விட்டுப் போகும், கதண்டும் குளவியும் விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும். தோலில் கொடுக்கு இருந்தால் நகத்தாலோ எதாலோ உடனே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம், ஏனென்றால் அதன் விஷப்பை துடித்துக்கொண்டே இருக்கும். அப்புறம் சோப்பு போட்டுக் கழுவி ஐஸ் வைக்கலாம். சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் தோலைப் புண்ணாக்கும், விஷத்தை எடுக்காது. கடலில் சொறி (ஜெல்லிமீன்) பட்டதற்குச் செய்யும் கைவைத்தியமும் இதற்கு ஆகாது.

உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே 108. அந்த நேரத்தில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிடக் கூடாது, ஒவ்வாமை அடுத்த கொட்டிலும் வரலாம். நிறையக் கொட்டு வாங்கியவரை, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். பெரியம்மாவுக்கு மறுநாள்தான் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. விஷம் தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பிடிக்கிறது என்பதன் அடையாளம் அது. வீக்கம் வடிகிறதே என்று வீட்டிலேயே வைத்திருக்கலாம் என்றவர்தான் சித்தப்பா.