உங்கள் ஊர் ஏரிப் பக்கம் ஒரு திட்டம் வருகிறதா? கருத்துச் சொல்லப் போகும் முன் படிக்க

நான் முதன்முதலில் போன கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒன்பது நிமிடம் பேசினேன். ஏரி, தாத்தா காலத்து முப்போகம், பேரப்பிள்ளைகள் என்று எல்லாமே வந்தது, கைதட்டல்கூடக் கிடைத்தது. பிறகு வந்த நடவடிக்கைக் குறிப்பைப் பார்த்தால் என் பேச்சு ஒரே வரி: "ஏரி பாதிக்கப்படும் என்று தெரிவித்தார்." பக்கத்துக் கட்டத்தில் நிறுவனத்தின் பதில்: "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்." எனக்கு அடுத்து எழுந்த அக்கா ஒருவர் இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. "கலங்கல்ல இருந்து வர்ற தண்ணி எங்க தெருமுனை ஓடை வழியாத்தான் போகுது. அது மேல நீங்க ரோடு போட்டா மழைக்கு அது எங்க போகும்?" அவ்வளவுதான். (கலங்கல் என்பது ஏரி நிரம்பியதும் உபரிநீர் வழியும் இடம்.) அதற்கு நிறுவனத்தார் அரைப் பக்கம் பதில் எழுத வேண்டியிருந்தது.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், வரப்போகும் திட்டம் எந்த வகை என்று பாருங்கள், ஏனென்றால் எல்லாத் திட்டத்துக்கும் கூட்டம் கிடையாது. 2006 செப்டம்பர் 14ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இதற்கு அடிப்படை. துறைமுகம், அனல்மின் நிலையம், பெரிய சுரங்கம் மாதிரியான திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு உண்டு. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பு, டவுன்ஷிப் எல்லாம் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டுமே தவிர, மக்களைக் கூப்பிட்டுக் கேட்கத் தேவையில்லை. நம் ஊரில் சதுப்பு நிலத்தையும் தாங்கல் என்கிற சிறு ஏரிகளையும் விழுங்குவது பெரும்பாலும் இந்த வகைதான் என்பது கொடுமை.

கூட்டம் இல்லை என்பதால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் அனுமதிக்கான ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பம், வரைபடம், மாநில நிபுணர் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் எல்லாம் ஏறும். அந்தக் குழு பார்ப்பதற்கு முன்னால் உங்கள் கடிதம் அவர்கள் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும், அதுதான் கணக்கு. இன்னொரு வாசல், நில உபயோக மாற்றம். விவசாய நிலத்தைக் குடியிருப்பு மண்டலமாக்க யாராவது விண்ணப்பித்தால் ஆட்சேபம் கேட்டு செய்தித்தாளில் சின்னதாக ஓர் அறிவிப்பு வரும், கெடுவும் அதிலேயே இருக்கும். டெண்டர் விளம்பரம், நீத்தார் அறிவிப்பு பக்கமெல்லாம் யாரும் படிப்பதில்லை. அங்கேதான் அது இருக்கும்.

எதற்கு இவ்வளவு தூரம் என்றால், பள்ளிக்கரணையைப் பாருங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் ஏறிய சென்னைச் சதுப்பு நிலம், சுமார் 1,247 ஹெக்டேர். ஆனாலும் அதன் எல்லை தரையில் எங்கே முடிகிறது என்பதில் சண்டை ஓயவில்லை. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, எல்லையை முறையாக வரையறுக்கும் வரை சதுப்பு நிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி தரக்கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது.

சரி, கூட்டம் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வரும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் ஆகிய இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்திலும் ஏற்றுவார்கள். இங்கே ஒரு கணக்கு இடிக்கும், கவனியுங்கள். ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனுவுக்குப் பதில் சொல்ல அவர்களுக்கும் 30 நாள். அறிவிப்பைப் பார்த்த பிறகு மனுப் போட்டால், பதில் வரும்போது கூட்டம் முடிந்து பந்தலைப் பிரித்திருப்பார்கள். அதனால் திட்டம் வருகிறது என்று டீக்கடையில் பேச்சு அடிபடும்போதே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை ஒட்டிப் போட்டுவிடுங்கள்.

என்ன கேட்பது? அதற்கு முன் காசில்லாமல் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். திட்டத்துக்குள் வரும் சர்வே எண்கள் அறிக்கையில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அரசின் இ-சேவை தளத்தில் அ-பதிவேடும் (நிலம் என்ன வகை என்று சொல்லும் பதிவேடு) புலப்படமும் (நிலத்தின் அளவை வரைபடம்) எடுக்கலாம். ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால், தாங்கல், மேய்க்கால் என்று ஏதாவது எண்ணில் இருந்தால் அதுதான் உங்கள் பிடி. ஆர்.டி.ஐ.யில் கேட்க வேண்டியது நீர்வளத்துறையிடம் இருப்பவை: அந்த ஏரியின் பதிவேடு, கலங்கல் மட்டம், ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலம்), வெள்ளம் தேங்குவது பற்றி அந்த நிறுவனத்துக்குத் தடையின்மைச் சான்று கொடுத்திருந்தால் அதன் நகலும் அதில் போட்ட நிபந்தனைகளும்.

வரைபடத்தை நம்பாதீர்கள், இரண்டு வரைபடத்தை ஒப்பிடுங்கள். எண்ணூரில் 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர மேலாண்மை வரைபடத்தில் கழிமுகம் இருக்கிறது. பின்னால் வந்த மாநில வரைபடம் ஒன்றில் அதே கழிமுகத்தைக் காணவில்லை. இது வெளியே வந்தது ஆர்.டி.ஐ. மூலம்தான், கழிமுகத்தைக் காக்கும் போராட்டமே வேறு திசையில் திரும்பியது.

அடுத்து அறிக்கை. ஐந்நூறு பக்கம் இருக்கும், எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், நானும் படிப்பதில்லை. நீர், மண், உயிரினம் பற்றிய அடிப்படை ஆய்வு எந்த மாதங்களில் நடந்தது என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் மழையில்லாத ஒரு பருவம், அதாவது மூன்று மாதம்தான் அளந்திருப்பார்கள். நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. மார்ச், ஏப்ரலில் போய் ஓடையைப் பார்த்தால் அதில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும், "நீர்வழி ஏதுமில்லை" என்று எழுதிவிட்டுப் போவார்கள். வலசைப் பறவைகளும் அப்போது கிளம்பியிருக்கும். அப்புறம் உயிரினப் பட்டியல். உங்கள் ஊரில் யாரும் பார்த்தே இராத மரம், மீன் அதில் இருந்தால் வேறு ஏதோ அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டியதாக இருக்கலாம். அதைச் சிரித்துவிட்டு விடாதீர்கள். தவறான தகவல் கொடுத்தால் விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்று அறிவிக்கையின் 8ஆவது பத்தி சொல்கிறது. பக்க எண்ணோடு அந்தப் பத்தியைக் குறிப்பிடுங்கள்.

இப்போது எழுதுவது. இதுதான் முக்கியம், பேச்சு காற்றோடு போகும். ஒரு மாதிரி தருகிறேன், எண்களை உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"வரைவு அறிக்கையின் 87ஆம் பக்கத்தில், திட்ட இடத்தில் நீர்வழி எதுவும் இல்லை என்று உள்ளது. அ-பதிவேட்டின்படி சர்வே எண் 212/3 ஓடைப் புறம்போக்கு (நகல் இணைப்பு 1). பெரிய ஏரியின் கலங்கல் உபரிநீர் இதன் வழியாகவே சித்தேரிக்குப் போகிறது. 2015 டிசம்பரில் இந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது (படம், இணைப்பு 2). எனவே, ஓடையின் அகலத்தையும் வெள்ளக் கொள்ளளவையும் மழைக்காலத்தில் அளந்து அறிக்கையைத் திருத்த வேண்டும். ஓடையின் குறுக்கே திட்டமிட்டுள்ள சாலைக்கு மாற்று என்ன என்று சொல்ல வேண்டும்."

அவ்வளவு போதும். அவர்கள் சொன்னது என்ன, ஆவணம் சொல்வது என்ன, உங்களுக்கு என்ன வேண்டும், மூன்றும் அதில் இருக்கிறது. ஒரு தாளில் ஒரு விஷயம். "வளர்ச்சிக்கு நாங்கள் எதிரியல்ல" என்று ஆரம்பித்து ஒரு பத்தி எழுதாதீர்கள், யாரும் கேட்கவில்லை. ஒரே கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து ஐந்நூறு பேர் கையெழுத்துப் போடுவதைவிட, ஐந்து பேர் ஐந்து வேறு விஷயத்தை எழுதினால் ஐந்து பதில் வேண்டும் என்பதையும் பாருங்கள். வேலைக்காகப் பெங்களூரில் இருப்பவர்களும் எழுதி அனுப்பலாம். ரசீது வாங்காமல் எதையும் கொடுக்காதீர்கள், தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையோடு.

கூட்டத்தன்று சீக்கிரம் போங்கள். முன்வரிசை நாற்காலிகள் அதற்கு முன்பே நிரம்பியிருக்கும், யாரால் என்று உங்களுக்கே தெரியும், வேனில் வந்திருப்பார்கள், சாப்பாட்டுப் பொட்டலமும் வந்திருக்கும். அவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், கலவரம் என்று கூட்டத்தை முடிக்க அது ஒரு சாக்கு. தலைமை தாங்க வேண்டியவர் மாவட்ட ஆட்சியர், அல்லது கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி. முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற விதி இல்லை, அதனால் புறக்கணித்து வெளிநடப்பு செய்தால் கூட்டம் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஆட்சேபம் இல்லாத குறிப்பு ஒன்று தயாராகும், அவ்வளவுதான். (தெரிந்தே, அரசியலாகப் புறக்கணிப்பது வேறு கதை.)

மைக் கைக்கு வந்ததும் பெயர், ஊர், சர்வே எண், கேள்வி. அப்புறம் மூன்று மணிக்கு எல்லோரும் கிளம்பிப் போகும்போது நீங்கள் மட்டும் உட்கார்ந்திருங்கள். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பின் சாரத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், அன்றைக்கே கையெழுத்தாக வேண்டும் என்பது விதி. உங்கள் ஓடை அந்த வாசிப்பில் வரவில்லை என்றால் எழுந்து சொல்ல அதுதான் நேரம். கூட்டம் நடக்கிறதா என்று முந்தின நாளே ஒரு போன் போட்டு உறுதிசெய்துகொள்வதும் நல்லது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியில் வைத்த கூட்டமும் தள்ளிப்போனது, 2023 செப்டம்பரில் வைத்ததும் தள்ளிப்போனது.

கட்டுமானத்தை விட்டுவிட்டுச் சீரமைப்புக்கு வருவோம், எனக்கு இதில்தான் அதிகக் கவலை. "ஏரி புனரமைப்பு" என்று பலகை வைத்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை, நாமே போய் மாலை போட்டு வரவேற்கிறோம். பொக்லைன் இறங்கி ஏரியைக் கிண்ணம் மாதிரி ஒரே ஆழத்துக்குத் தோண்டி, சுற்றிலும் கரை போட்டு, கரைமேல் நடைபாதை, நடைபாதையில் டைல்ஸ், நடுவில் ஒரு தீவு. பார்க்க அழகுதான். ஆனால் ஏரி ஒரு பக்கம் மட்டும் கரை உள்ளது, மறுபக்கம் சரிவாகத் திறந்து கிடந்து தண்ணீரை வாங்கிக்கொள்வது. நாலு பக்கமும் கரை கட்டினால் தண்ணீர் எப்படி உள்ளே வரும்? கணுக்கால் அளவுத் தண்ணீரில் மேய்கிற உள்ளான் பறவை செங்குத்தான கரையில் எங்கே நிற்கும்? ஆகாயத்தாமரையை அள்ளுகிறேன் என்று கோரையையும் சம்பையும் சேர்த்து வாரிவிட்டால் தாழைக்கோழி கூடு கட்ட இடம் இல்லை.

இதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்பார்க்காதீர்கள். கிராமம் என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். மாநகரம் என்றால் கவுன்சிலர், பகுதி சபை. எதுவாக இருந்தாலும் விரிவான திட்ட அறிக்கையை வாங்கி இதைக் கேளுங்கள்: புலப்படத்தில் எத்தனை வரத்து வாய்க்கால், திட்ட வரைபடத்தில் எத்தனை? எத்தனை கன மீட்டர் மண் எடுக்கிறார்கள், அது யார் லாரியில் எங்கே போகிறது? கலங்கலின் உயரத்தைக் கூட்டுகிறார்களா, குறைக்கிறார்களா? சாக்கடை கலக்கும் இடத்தை அடைக்காமல் தூர் வாரி என்ன பயன்? நவம்பரிலிருந்து மார்ச் வரை, பறவை இருக்கும்போது, இயந்திரம் ஓடுமா?

சட்டத்தில் ஓர் ஓட்டை இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017 ஈரநில விதிகளின்படி, அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தில் குப்பை கொட்டக்கூடாது, கடந்த பத்து ஆண்டு சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டடம் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாசனத்துக்கென்று கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறார்கள், நம் ஏரி, கண்மாய் எல்லாம் அதுதானே. வேடந்தங்கல், கூந்தன்குளம் போல ராம்சர் பட்டியலில் ஏறியவை தப்பித்தன, தமிழ்நாட்டில் அப்படி 20 இடங்கள். மற்ற ஏரிகளுக்கு ஈரநில விதியைக் காட்டி மனு எழுதினால் ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆக்கிரமிப்பு என்றால் 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைப் பிடியுங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால்? நிறுவனம் அதை ஏழு நாளுக்குள் இரண்டு உள்ளூர்ச் செய்தித்தாள்களில் வெளியிட வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தகுந்த காரணம் சொன்னால் இன்னும் 60 நாள் வரை பொறுப்பார்கள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. எனவே அந்த விளம்பரத்தைத் தேதி தெரியும்படி வெட்டி வையுங்கள். மேல்முறையீடு செய்யாவிட்டாலும் அனுமதியில் போட்ட நிபந்தனைகளைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 1, டிசம்பர் 1 என்று வருடத்துக்கு இரண்டு முறை அவர்கள் இணக்க அறிக்கை தர வேண்டும். "ஓடை பராமரிக்கப்படுகிறது" என்று டிசம்பர் அறிக்கையில் எழுதியிருப்பார்கள், நீங்கள் ஒரு மழை நாளில் குடையோடு போய் அதே இடத்தில் நின்று, தேதி விழும்படி ஒரு படம் எடுத்துவிட்டு வாருங்கள்.