உடம்பையே வச்சு மூட்டு வகைகளைப் படிக்கிறது எப்படி

பிளஸ் ஒன் ஜுவாலஜி பசங்களும் சரி, நர்சிங், பிசியோ முதல் வருஷம் சேர்ந்தவங்களும் சரி, மூட்டுப் பாடம்னா அந்த டேபிளை உருப்போட்டு எழுதிட்டு பரீட்சைக்கு மறுநாளே மறந்துடுறாங்க. எனக்கு அது ரொம்ப வருத்தம், ஏன்னா மொத்தப் பாடமும் நம்ம கூடவேதான் நடமாடிட்டு இருக்கு. ஒரு சேர் போட்டு உக்காருங்க, அரை மணி நேரம் போதும்.

முதல்ல, ரெண்டு எலும்புக்கு நடுவுல என்ன இருக்குன்னு கேளுங்க. வெறும் நார்த்திசுன்னா அது நாரிணைப்பு மூட்டு, மண்டையோட்டுத் தையல் மாதிரி, அசையாது. கைக்குழந்தைக்கு உச்சிக்குழி லேசா துடிக்கும் பாருங்க, அங்க எலும்பு இன்னும் வந்து சேரல, பெரும்பாலும் ஒன்றரை வயசு வாக்குல மூடிடும். நடுவுல குருத்தெலும்பு இருந்தா கொஞ்சம் அசையும், முதுகெலும்பு டிஸ்க் அந்த வகை. மூணாவதுதான் உயவு மூட்டு, சைனோவியல்னு சொல்றது. எலும்பு முனையில வழவழன்னு குருத்தெலும்பு, சுத்தி ஒரு உறை, உள்ள முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழன்னு கொஞ்சூண்டு திரவம், நல்லா இருக்கிற முழங்கால்லயே அது ஒரு டீஸ்பூன் தேறாது.

இந்த உயவு மூட்டுலயே பல வகை இருக்கு. அதைப் பிரிச்சுப் பாக்க இனிமே ஒரே ஒரு விதி: பக்கத்து மூட்டை அசைய விடாம வச்சுக்கிட்டு ஒன்னை மட்டும் அசைச்சு, எத்தனை திசைல போகுதுன்னு பாருங்க.

முழங்கையை விலாவோட ஒட்டி வச்சு மடக்கி நீட்டுங்க, ஒரே திசைதான், கதவுக் கீல் மாதிரி. அப்படியே வச்சுக்கிட்டு உள்ளங்கையை மேலயும் கீழயும் திருப்புங்க. இது கீல் இல்ல, முளை மூட்டு, முன்கைல இருக்கிற ரெண்டு எலும்புல ரேடியஸ், அல்னாவுக்கு குறுக்க உருண்டு போகுது. சோத்தை அள்ளும்போது உள்ளங்கை கீழ, வாய்க்குக் கொண்டுபோகும்போது மேல, மூணு வேளையும் இதைத்தான் செய்றோம்.

கழுத்துக்கு வாங்க. தலையை முன்ன பின்ன ஆட்டுறது முக்கியமா மண்டையோடும் முதல் கழுத்தெலும்பு அட்லஸும் சேர்ற இடத்துல. இல்லைன்னு ரெண்டு பக்கமும் திருப்புறது அட்லஸ், அடுத்த எலும்பான ஆக்சிஸோட முளையைச் சுத்தி சுழல்றது, கழுத்து திரும்புறதுல பாதிக்கிட்ட அந்த ஒரு மூட்டுலதான் நடக்குது. நம்ம ஊர்ல சரி சரின்னு தோள் பக்கமா தலையை ஆட்டுவோமே, அது ரெண்டும் இல்ல, பெரும்பாலும் கீழ இருக்கிற கழுத்தெலும்புகள் எல்லாம் சேர்ந்து பக்கவாட்டுல வளையுறது. எந்தப் புத்தகத்து டேபிள்லயும் நான் இதைப் பாத்ததில்ல, ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் இதுதான்.

அடுத்து விரல். நேரா நீட்டி அகலமா விரிங்க, விரியும். இப்ப விரல் உள்ளங்கையோட சேர்ற அடி முட்டியை 90 டிகிரி மடக்கிட்டு விரிச்சுப் பாருங்க, வராது, மடக்கும்போது பக்கத்துல இருக்கிற லிகமென்ட், அதாவது எலும்பையும் எலும்பையும் கட்டி வச்சிருக்கிற நார், இறுகிடுது. இது ரெண்டு திசைல போற கான்டைலாய்டு மூட்டு. அதுக்கு மேல விரல்ல இருக்கிற கணுவெல்லாம் வெறும் கீல். கட்டைவிரல் மணிக்கட்டோட சேர்ற இடம் சேண மூட்டு, கோலப்பொடியை விரல் நுனியில பிடிக்க முடியுறது அந்த மூட்டு இருக்கிறதாலதான்.

தோளுக்கு ஒரு ஆள் துணைக்கு வேணும். அவங்க கையைப் பக்கவாட்டுல மெதுவா தலைக்கு மேல தூக்கட்டும், நீங்க அவங்க தோள்பட்டை எலும்பு மேல கை வச்சுக்கோங்க, எலும்பும் கூடவே சுழல்றது தெரியும். 180 டிகிரில கிட்டத்தட்ட 60 அந்த எலும்போட பங்கு. தோளும் இடுப்பும் பந்துக்கிண்ண மூட்டுதான், ஆனா தோள் கிண்ணம் ஆழமே இல்ல, அதான் அவ்ளோ சுத்துது, அடிக்கடி நழுவுறதும் அதான். இடுப்புக் கிண்ணம் ஆழம். ஏற்கனவே தோள் நழுவினவங்களை வச்சு இதைச் செய்யாதீங்க, யாருக்கு வலிச்சாலும் உடனே நிறுத்திடுங்க.

கடைசியா முழங்கால். பரீட்சைல கீல்னு எழுதுங்க, மார்க் வரும், ஆனா சேர்ல உக்காந்து பாதத்தைத் தரையில வச்சு, தொடையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு கால்விரலை உள்ளயும் வெளியவும் திருப்புங்க. கெண்டைக்கால் எலும்பு கொஞ்சம் சுழலும். அப்புறம் காலை முழுசா நீட்டிட்டு திருப்புங்க, இந்தத் தடவை இடுப்பிலிருந்து தொடையே சேர்ந்து திரும்பும், ஏன்னா நீட்டினதும் முழங்கால் பூட்டிக்குது.