ஞாயிறு விருந்தாளிகளுக்குப் புளிக்காய்ச்சல்

போதகர் வீட்டில் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஜெபிக்கச் சொல்லி வருகிறவர்களைப் பசியோடு அனுப்ப மனம் வருமா? இயேசுவுக்கு விருந்து செய்த, பைபிளில் வரும் மார்த்தாளைப் போல அடுக்களையிலேயே தவிக்காமல் அவர்களோடு உட்கார்ந்து ஜெபிக்க, சனி இரவே புளிக்காய்ச்சல் செய்துவிடுங்கள்.

எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரையுங்கள். நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்து, புளிக்கரைசல், மஞ்சள்தூள், உப்பு சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிடுங்கள். கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயம் அரை டீஸ்பூன். அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம், புளி அதை அரிக்கும். கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும், ஈரக் கரண்டி படக்கூடாது. அப்புறம், சோற்றை அகலமான தட்டில் ஆறவிட்டுக் கிளறுங்கள், குழையாது.